அவள் செய்யாத சாவி

சாவியக்காவிடம் யார் போனாலும் முதலில் மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். வண்டி யார் பேர்ல இருக்கு? கடைசியா எப்போ ஓட்டினீங்க? சாவி எங்கே தொலைஞ்சது? முதல் இரண்டுக்கும் பணிவாகப் பதில் சொல்கிறவர்கள் மூன்றாவதுக்கு வந்ததும் எகிறுவார்கள். "எங்கே தொலைஞ்சதுன்னு தெரிஞ்சா நான் ஏன் உங்ககிட்ட வரேன்?" அவள் அசைந்து கொடுக்க மாட்டாள். அந்தக் கேள்வியை அவள் பதிலுக்காகக் கேட்பதில்லை, முகத்தைப் பார்ப்பதற்காகக் கேட்கிறாள். சொந்த வண்டிக்காரனுக்குக் கோபம் வரும். அடுத்தவன் வண்டிக்குச் சாவி கேட்டு வந்தவன் சிரிப்பான். இருபது வருஷத்தில் அவள் சிரித்தவன் ஒருவனுக்கும் சாவி செய்து கொடுத்ததில்லை.

டயர் கடைக்கும் பேட்டரி கடைக்கும் நடுவில் அவள் கடை. உள்ளே இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் தெருவில்தான் நிற்க வேண்டும். சுவர் முழுக்க வெட்டாத சாவிகள் ஆணியில் தொங்கும். ஒரு வெட்டும் இயந்திரம், ஒரு முக்காலி, கடகடவென்று சுற்றும் ஒரு மின்விசிறி, அவ்வளவுதான் சொத்து. ஆனால் ஸ்டியரிங் பூட்டிக்கொண்டது என்று ஊரில் எவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாலும் போன் அவளுக்குத்தான் வரும். அதில் பாதிப் பேருக்குப் பூட்டிலும் கோளாறு இருக்காது, சாவியிலும் கோளாறு இருக்காது. சாவியை எடுத்த பிறகு ஸ்டியரிங்கை லேசாகத் திருப்பியிருப்பார்கள். உள்ளே ஓர் இரும்பு நாக்கு வந்து கவ்விக்கொண்டிருக்கும். அது தெரியாமல் சாவியைப் போட்டுத் திருகு திருகு என்று திருகுவார்கள். இவள் போய் உட்கார்ந்து, ஸ்டியரிங் எந்தப் பக்கம் இம்மியளவு அசைகிறதோ அந்தப் பக்கமே தள்ளிக்கொடுத்தபடி சாவியைத் திருப்புவாள். 'டக்'கென்று விட்டுவிடும். "முரட்டுத்தனம் பண்ணினா இன்னும் இறுக்கிக்கும். விட்டுப் பிடிக்கணும்," என்பாள்.

வேலை முடிந்ததும் இன்னொரு வழக்கம் உண்டு. வெட்டிப் பார்த்த மாதிரிச் சாவிகளை எல்லாம் வண்டிக்காரர் கண் முன்னாலேயே இடுக்கியால் பிடித்து இரண்டாக ஒடித்துப் போடுவாள். நாளைக்கு வண்டி காணாமல் போனால் அவள் மேல் பேச்சு வரக் கூடாது பாருங்கள்.

இப்படி ஊருக்கெல்லாம் சாவி செய்கிறவள் வீட்டு முற்றத்தில் ஆறு வருஷமாக ஒரு கார் உறை போட்டு நிற்கிறது. அதற்கு மட்டும் சாவி கிடையாது.

அந்தச் சாவி அவள் கணவரிடம் இருந்தது. அச்சகத்தில் இயந்திரம் ஓட்டிக்கொண்டிருந்தவர். ஒரு சாயங்காலம் வேலையிலிருந்து வந்து காரை நேராக நிறுத்தினார். எப்போதும் சக்கரத்தை நேராக்கித்தான் நிறுத்துவார், இறங்கும்போது பானெட்டை இரண்டு தட்டுத் தட்டுவார், வேலை செய்த மாட்டைத் தட்டிக் கொடுப்பது போல. உள்ளே வந்து முகம் கழுவினார். "குடைக் கம்பி ஒடிஞ்சிருக்கு, சரிபண்ணக் கொடுத்துட்டு வந்துடறேன்," என்று நடந்தே போனார். சட்டைப் பையில் சாவிக்கொத்து. கார் சாவி, கேட் சாவி, வீட்டுச் சாவி மூன்றும் அதில். போனவர் போனவர்தான். குடையும் வரவில்லை.

போலீஸில் எழுதிக் கொடுத்தாள். வண்டி விவரம் கேட்டபோது, தொழில் பழக்கம், மீட்டரில் ஓடியிருந்த கிலோமீட்டரைக்கூட எழுதினாள். பிணவறைக்கு ஆறு தடவை கூப்பிட்டார்கள். ஆறு தடவையும் போனாள். முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் முதலில் அந்த ஆளின் உடைமைகளில் சாவிக்கொத்து இருக்கிறதா என்றுதான் பார்ப்பாள். இருக்காது. வெளியே வந்து ஒரு பாட்டம் அழுதுவிட்டுக் கடைக்குப் போவாள்.

"இன்னும் எத்தனை நாளைக்கு அதைக் காவல் காக்கப் போறே அண்ணி? ஒரு சாவி போட்டு வித்துத் தொலை," என்று நாத்தனார் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள். அவளால் முடியவில்லை. அந்தக் காருக்கு இன்னொரு சாவி வெட்டினால் அவர் வரமாட்டார் என்று அவளே முடிவு கட்டியதாகிவிடும். கேட் பூட்டையும் மாற்றவில்லை, வீட்டுப் பூட்டையும் மாற்றவில்லை. இரவில் உள்தாழ்ப்பாள்கூடப் போடுவதில்லை. எந்த நேரத்தில் வந்தாலும் அவர் சாவி திரும்ப வேண்டும். குழந்தை குட்டி இல்லாத வீடு. எட்டு வருஷம் வைத்தியம் பார்த்து, அப்புறம் அந்தப் பேச்சையே இருவரும் விட்டுவிட்டார்கள். காத்திருப்பதைத் தவிர அந்த வீட்டில் அவளுக்கு வேறு வேலை இருக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் டயர் கடை அண்ணன் பொழுது போகாமல் வந்து முக்காலியில் உட்கார்ந்தார்.

"உங்க கார் டயர் நாலும் நான் போட்டதும்மா. ஆறு வருஷம் ஒரே இடத்துல நின்னா ரப்பர் தரையோட ஒட்டியிருக்கும். ஒரு நாள் வந்து கழட்டிக் கொடுத்துடறேன்."

"டயருக்கு என்ன? நல்லாத்தான் இருக்கு," என்றாள் அவள், சாவியை ராவிக்கொண்டே.

"எப்படிம்மா நல்லா இருக்கும்? நான் அடிச்சுக் கொடுக்கற காத்தே மூணு மாசம் தாங்காது. உங்க வீட்டுக் காத்து மட்டும் கோவிச்சுக்காம உக்காந்திருக்குமா?"

அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அவள் அரத்தைக் கீழே வைத்தாள். மாதம் ஒரு தடவை உறையின் மேல் தூசி தட்டுகிறாள். கீழ் விளிம்பு தரையைத் தொடுகிறது. டயர் நல்லாத்தான் இருக்கு என்று எதை வைத்துச் சொன்னாள்? உறை சரியாமல், வண்டி சாயாமல் நிற்கிறதே என்று சொல்லியிருப்பாள். எதைப் பார்த்தாலும் பூட்டை மட்டும் பார்க்கிற ஜென்மம். பூட்டு பூட்டியிருந்தால் உலகமே பத்திரம் என்று நினைப்பு.

அன்றைக்கு வெயில் தாழும் முன்பே கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்தாள். உறையைத் தூக்கினாள்.

நான்கு டயரும் திண்ணென்று இருந்தன. விரலால் அமுக்கிப் பார்த்தாள், அமுங்கவில்லை. பள்ளங்களில் செம்மண் ஒட்டியிருந்தது. முற்றத்தில் இருப்பது சிமெண்ட் தரை. முன் சக்கரங்கள் இரண்டும் இடது பக்கம் ஒடித்துத் திரும்பியிருந்தன.

வேறு யாராவது பார்த்திருந்தால் அதனால் என்ன என்று கேட்டிருப்பார்கள். அவளுக்குத் தெரியும். நேராக நிறுத்திச் சாவியை எடுத்த வண்டி அது. இரும்பு நாக்கு கவ்விய ஸ்டியரிங்கை நாலு பேர் சேர்ந்து இழுத்தாலும் அவ்வளவு தூரம் திருப்ப முடியாது. பூட்டை உடைத்திருக்க வேண்டும், அல்லது சாவி போட்டிருக்க வேண்டும். கண்ணாடியில் கன்னத்தை ஒட்டி உள்ளே பார்த்தாள். பூட்டில் ஒரு கீறல் இல்லை. உலகத்தில் அந்தப் பூட்டுக்கு இருந்தது ஒரே ஒரு சாவி.

மீட்டரில் 45,884 என்று இருந்தது. புகார் நகலைத் தேடி எடுத்து வந்து பார்த்தாள். அவள் கையெழுத்திலேயே 41,306. நகலை மடித்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் பின் கதவுக் கண்ணாடியில் அதைக் கண்டாள். சின்னக் கை ஒன்று அழுந்தப் பதிந்த தடம். ஐந்து விரலும் தெளிவாக இருந்தன. உறை முனையால் துடைத்தாள், போகவில்லை. தடம் கண்ணாடியின் உட்பக்கம் இருந்தது.

வீட்டுக்குள் வந்தாள். குளியலறைப் பக்கம் போனபோது இன்னொன்று நினைவுக்கு வந்தது. அங்கே குழாய் வருஷக்கணக்காகச் சொட்டிக்கொண்டிருந்தது. போன மழைக்காலத்தில் ஒரு நாள் வந்து பார்த்தால் நின்றிருந்தது. சனியன் தானாகவே நின்றதே என்று சந்தோஷப்பட்டு விட்டுவிட்டாள். இப்போது குனிந்து பார்த்தாள். குழாயின் கழுத்தில் திருகியதற்கான புதுக் கீறல் பளபளத்தது. தன் வீட்டையே திருட வந்தவள் போல ஒவ்வோர் அறையாக மெதுவாக எட்டிப் பார்த்தாள். எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. அன்று ஆறு வருஷத்தில் முதல் தடவையாக உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலையில் எதிர்வீட்டு அம்மாள் தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன் குடிவந்தவள். இவள் விடியுமுன் சமைத்து எட்டரைக்குக் கடைக்குப் போகிறவள், ஒரு சிரிப்போடு சரி, உட்கார்ந்து பேசியதில்லை.

"எங்க வண்டிப் பக்கம் யாராவது வராங்களா, பார்த்தீங்களா?" என்று பட்டும் படாமலும் கேட்டாள்.

"யார் வரப்போறா? உங்க வீட்டுக்காரர்தான் செவ்வாயும் வெள்ளியும் எடுத்துட்டுப் போறாரே. பத்து மணிக்குப் போனா ஒரு மணிக்குக் கொண்டுவந்து விட்டுடறார். உறையைக்கூட மறக்காம மூடி, ரெண்டு தட்டுத் தட்டிட்டுத்தான் போறார். எங்க வீட்லயும் இருக்காரே ஒருத்தர், குடிச்ச டம்ளரை நகர்த்த மாட்டார்."

இவள் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க வேலைக்குப் போயிடறீங்க, பாவம், குழந்தையை அவர்தான் தூக்கிட்டு அலையறார்," என்று அந்த அம்மாள் தண்ணீர்ச் சட்டியைக் கீழே வைத்தாள். "பொண்ணு அப்படியே உங்க ஜாடைங்க."

"ஆமா," என்றாள் சாவியக்கா. "எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு வாயில் புடவைத் தலைப்பை வைத்து அழுதாள். உயிரோடு இருக்கிறார். முதலில் வந்தது சந்தோஷம்தான், அதை மறைப்பானேன். ஆறு பிணங்களைப் பார்த்தவளுக்கு அதைவிடப் பெரிய செய்தி என்ன இருக்கிறது? அழுது முடித்து மூக்கைச் சிந்தும்போதுதான் மற்றது உறைத்தது. இரண்டு வருஷம், வாரத்துக்கு இரண்டு தடவை. அவள் இல்லாத நேரம் பார்த்து கேட்டைத் திறந்து, அவள் துவைத்துப் போட்ட துணிக்குக் கீழே நடந்து போயிருக்கிறார். ஒரு சீட்டுக்கூட எழுதி வைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அவள் வீட்டில் இருந்திருக்கலாம். இருக்கவில்லை. நேரில் பார்த்துவிட்டால் அப்புறம் காத்திருப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது என்று பயம். கடைக்குப் போய், ஒரே சாவியை மூன்று தடவை தப்பாக வெட்டினாள். சாயங்காலம் வந்து மீட்டரைப் பார்த்தாள். 45,906. இருபத்திரண்டு கிலோமீட்டர். போக பதினொன்று, வர பதினொன்று.

புதன்கிழமை கடை திறக்கவில்லை. கருவிப் பையோடு முற்றத்தில் இறங்கினாள். கதவைத் திறக்க இரண்டு நிமிஷம். ஆறு வருஷத்துக்குப் பிறகு உள்ளே உட்கார்ந்தாள். இருக்கை பின்னால் தள்ளியிருந்தது, அவர் கால் நீளம். குழந்தைப் பவுடர் வாசனை அடித்தது. காலடியில் பிஸ்கட் தூளும், ஒற்றை மஞ்சள் காலுறையும் கிடந்தன. காலுறையை எடுத்துப் பார்த்தாள், அவள் உள்ளங்கை நீளம்கூட இல்லை. எடுத்த இடத்திலேயே போட்டாள்.

ஸ்டியரிங் பூட்டை மெல்லிய கம்பிகளால் பதம் பார்த்துத் திருப்பிக் கழற்றி வெளியே எடுத்தாள். உள்ளே சின்னச் சின்னத் தகடுகள் வரிசையாக இருக்கும். எந்தத் தகடு எந்த இடத்தில் இருக்கிறதோ அதற்கேற்ற பல்லுள்ள சாவிக்குத்தான் பூட்டு இடம் கொடுக்கும். வரிசையை மாற்றிப் போட்டாள். ஊர் பேர் தெரியாத வண்டிக்கெல்லாம் கை நடுங்காமல் செய்கிற வேலை, அன்று இரண்டு தகடு கை தவறித் தரையில் உருண்டது. பூட்டை மாட்டி, புதுச் சாவி ஒன்றை அரத்தால் ராவி இடுப்பில் செருகிக்கொண்டாள். ஸ்டியரிங் அவர் விட்டுப்போன இடது பக்கமே பூட்டிக்கொண்டது. உறையைப் போட்டுக் கயிற்றைக் கட்டினாள்.

வெள்ளிக்கிழமை வழக்கம்போல் எட்டரைக்குக் கிளம்பி, தெருமுனைவரை போய், பின்சந்து வழியாக வீட்டுக்குத் திரும்பினாள். ஜன்னல் திரைக்குப் பின்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். பத்தடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது கேட் பூட்டில் சாவி நுழைகிற சத்தம் கேட்டது. ஆறு வருஷமாக அவள் காது கொடுத்துக் காத்திருந்த சத்தம். அது வந்தபோது அவள் திரையை ஒரு விரலால் விலக்கினாள்.

கொஞ்சம் இளைத்திருந்தார். முன்மண்டையில் முடி இல்லை. உறையைச் சுருட்டி வைத்தார். இடுப்பில் இருந்த பெண் குழந்தையைப் பின் இருக்கையில் உட்கார்த்தினார். நாலு வயசு, மிஞ்சினால் ஐந்து. அவர் ஏறி உட்கார்ந்து சாவியைப் போட்டார். திரும்பவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்து உலுக்கினார். சாவியை எடுத்து ஊதினார், சட்டையில் துடைத்தார், மறுபடி போட்டுத் திருகினார். எல்லா வாடிக்கையாளரும் செய்கிறதை வரிசை மாறாமல் செய்தார். அவள் எழுந்து வெளியே போய்க் கண்ணாடியை விரலால் தட்டினாள்.

செத்துப்போனது இவள்தான் என்பது போல, இவள்தான் திரும்பி வந்து நிற்கிறாள் என்பது போல அவர் பார்த்தார். பிறகு கண்ணாடியை இறக்கினார்.

என்னென்னவோ கேட்க வேண்டும் என்று மூன்று நாளாக மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தாள். வாயைத் திறந்ததும் இருபது வருஷப் பழக்கம்தான் வந்தது.

"வண்டி யார் பேர்ல இருக்கு?"

"உன் பேர்ல."

"கடைசியா எப்போ ஓட்டினீங்க?"

"செவ்வாய்க்கிழமை."

"சாவி எங்கே தொலைஞ்சது?"

அவர் சிரித்தார். தலையைக் குனிந்துகொண்டு, அசடு வழியச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பைப் பார்த்த மாத்திரத்தில் அவளுக்குள் ஏதோ 'டக்'கென்று விட்டது. கத்த வேண்டும் என்று தோன்றவில்லை. அவர்தான் அவசர அவசரமாகப் பேசினார்.

"குழந்தைக்குக் காது கேக்காது. பதினோரு மணிக்கு அவ ஸ்கூல்ல பேச்சுப் பயிற்சி. மூணு பஸ் மாறணும், கூட்டத்தைப் பார்த்தா அலறுவா. அவ அம்மா வேலைக்குப் போயிடறா. நீ... நீ இந்த வண்டிக்கு வேற சாவி செய்ய மாட்டேன்னு தெரியும். அதான்."

எல்லாவற்றையும்விட அந்தக் கடைசி வார்த்தைதான் அவளைச் சுட்டது. அவள் காத்திருப்பது அவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்து, அதை ஒரு வண்டி நிறுத்துமிடம் போல உபயோகித்திருக்கிறார்.

பின் இருக்கையில் குழந்தை கண்ணாடியில் கையைப் பதித்தபடி இவளையே பார்த்துக்கொண்டிருந்தது. ஜாடை ஒன்றும் இல்லை. எதிர்வீட்டு அம்மாளுக்கு மூக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும்.

"பின்னால போய் உக்காருங்க," என்றாள்.

அவர் போய் உட்கார்ந்தார். அவள் இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்டு புதுச் சாவியைப் போட்டாள். ஸ்டியரிங்கை அது அசைகிற பக்கம் லேசாகத் தள்ளிக்கொடுத்தாள். நாக்கு விட்டது. இன்ஜின் உறுமியதும் குழந்தை சிரித்தது. தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் பார்த்தாள். சத்தம் கேட்காத பிள்ளை, கதவுக் கண்ணாடியில் கையை வைத்து அந்த அதிர்வைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. சனிக்கிழமை அவளை நடுங்க வைத்த கை அதுதான்.

ஏழெட்டு கிலோமீட்டர் போனார்கள். செம்மண் சாலை வந்தது.

"குளியலறைக் குழாயை நீங்களா சரி பண்ணினீங்க?"

"குழந்தைக்குத் தண்ணி எடுக்க வந்தேன். சொட்டிட்டு இருந்துச்சு."

அவள் கியரை மாற்றினாள்.

பள்ளிக்கூட வாசலில் நிறுத்தினாள். அவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கி, போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தவித்தார். அவள் கையை நீட்டினாள். அவர் சாவிக்கொத்தை அவள் உள்ளங்கையில் வைத்தார். பையில் கிடந்த சூடு இன்னும் இருந்தது. இதற்காகத்தான் ஆறு வருஷம். கருவிப் பையிலிருந்து இடுக்கியை எடுத்து, அவர் கண் முன்னாலேயே கார் சாவியை ஒடித்தாள். கேட் சாவியை ஒடித்தாள். வீட்டுச் சாவி கெட்டியானது, இரண்டு தடவை வளைக்க வேண்டியிருந்தது.

"செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குக் குழந்தையைக் கூட்டிட்டு வாங்க. நான் கொண்டுவந்து விடறேன்," என்றாள். "கேட் பூட்டியிருக்கும். மணி அடிங்க."

பதினொரு கிலோமீட்டரும் தனியாகத் திரும்பி வந்தாள். பாதி வழியில் ஓரமாக நிறுத்தி அழுதுவிட்டு மறுபடி ஓட்டினாள். முற்றத்தில் நிறுத்தியபோது மீட்டரில் 45,928. சக்கரத்தை நேராக்கிச் சாவியை எடுத்தாள். உறை போடவில்லை. கேட்டுக்கும் வீட்டுக்கும் பூட்டு மாற்றப் பிற்பகல் ஆகிவிட்டது. அதன் பிறகுதான் வாசலில் மணியே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. ஆறு வருஷமாக அது தேவைப்படவில்லை. வர வேண்டியவரிடம் சாவி இருந்தது.

பேட்டரி கடையில் ஓர் அழைப்பு மணி வாங்கி வந்து அவளே மாட்டினாள். வெளியே போய் நின்று ஒரு தரம் அழுத்திப் பார்த்தாள். ஆளில்லாத வீட்டுக்குள் அது கணீரென்று அடித்தது.